செடிக்கடையில் வாங்கிய குரோட்டன் செடிகள்

சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய செடிக்கடையில், வீட்டு முன்வேலிக்காக ஆறு குரோட்டன் செடிகளை, ஒன்று 8 வெள்ளி வீதம் வாங்கினேன். மலேசியாவையும் தாயகமாகக் கொண்ட, ஆண்டு முழுவதும் இலை தாங்கும் செடிக்கு இது நியாயமான விலையே. தடித்த இலையில் மஞ்சள் நரம்போடிச் சிவப்பு படர்ந்திருந்த அழகில் மனம் நிறைந்தது.

ஆனால் அவை நிழல்வலையின் கீழ் வளர்ந்தவை என்பதைக் கடைக்காரர் சொல்லாததால், நேரே உச்சிவெயிலில் நட்டுவிட்டேன். ஒரே வாரத்தில் இரண்டு செடிகளின் இலைகள் கருகி உதிர்ந்தன. முதலில் காலை வெயிலில் சில நாள் பழக்க வேண்டும் என்பதை விற்பவர் அவசியம் சொல்லியிருக்க வேண்டும். மாமரத்தடியில் வைத்த ஒரு செடியோ, வெளிச்சம் போதாமல், வண்ணமின்றிப் பச்சையாகவே துளிர்க்கிறது. அதை அடுத்த வாரம் கிழக்கு வேலிக்கு மாற்றுகிறேன். கிளையை வெட்டினால் வடியும் பால் தோலில் அரிப்பை உண்டாக்கும் என்பதால், கையுறை அணிவது நல்லது.