‘இழுவை ஏத்தித் தர்றோம்’ பட்டறைகள்: பழைய டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

2009 மாடல் டீசல் பிக்கப் ஒன்று. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ எஞ்சின், டீசலை அழுத்தி அனுப்ப ரோட்டரி பம்ப், சென்சார் கிடையாது. சின்னமனூரில் வாழைத்தார் ஏற்றி, ஆண்டிபட்டி கணவாய் ஏறி மதுரை மண்டிக்கு வரும் நடை. ஓனரே டிரைவர். கணவாய் ஏற்றத்தில் மூன்றாம் கியரில் இழுக்கவில்லை என்று ரிங் ரோட்டை ஒட்டிய ஒரு பட்டறையில் விட்டார். அவர்கள் போட்டுக் கொடுத்த கணக்கு வெள்ளைத் தாளில் இருக்கிறது. கடைப் பெயர் சீல் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை.

பம்ப் ட்யூனிங் 9,500. நாசில் (டீசலைத் தூவும் இன்ஜெக்டரின் முனை) நாலு 11,200. கோன் ஃபில்டர் 4,800. ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் 7,000. பின் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) இரண்டு பக்கமும் 8,500. கூலிங் வேலை 1,500. லைட் பவர் 1,800. கூலி 4,200. மொத்தம் 48,500 ரூபாய்.

நாலாவது வாரம் அதே கணவாயில் தண்ணீர் கொதித்து வண்டி நின்றது. ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கெட் போயிருக்கிறது, மூன்றாவது பிஸ்டன் தலையில் அரிப்பு. இந்தக் கணக்கை வரி வரியாகப் பார்த்தால், பழைய டீசல் வண்டிக்கு முதலில் எதைச் செய்யக் கூடாது என்பது தெரிந்துவிடும். எதை முதலில் செய்ய வேண்டும் என்பதும் அதற்குள்ளேயே கிடக்கிறது.

பம்ப் ட்யூனிங் என்று எழுதியிருக்கிறதே, அதற்கு ஆன வேலை பத்து நிமிஷம். பம்பின் பின்பக்கம் இருக்கும், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபுல் லோடு ஸ்க்ரூவின் சீலை உடைத்து உள்ளே திருகியிருக்கிறார்கள். பம்பை ஓட்டி அளந்து பார்க்கும் டெஸ்ட் பெஞ்சில் பம்ப் ஏறவே இல்லை. “அண்ணே, கரும்புகை கக்குனாத்தாண்ணே வண்டி இழுக்கும்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். முதல் இரண்டு நாள் இழுக்கத்தான் செய்யும், அதில் பொய்யில்லை. டீசல் கூடினால் கொஞ்ச தூரம் வரை பவர் கூடும். ஆனால் ஒரு கிலோ டீசல் முழுசாக எரிய சுமார் 14.5 கிலோ காற்று வேண்டும். டீசல் எஞ்சினில் எண்ணெயும் காற்றும் கலக்கக் கிடைக்கும் நேரம் துளி என்பதால், புகையில்லாமல் எரிய அதற்கு மேலேயே காற்று இருக்க வேண்டும். காற்றைக் கூட்டாமல் டீசலை மட்டும் கூட்டினால் மிச்சம் கரியாக வெளியே போகிறது, உள்ளே சூடு ஏறுகிறது. டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் சூடு நீண்ட ஏற்றத்தில் தொடர்ந்து 700 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பிஸ்டனும் டர்போவும் ஆபத்தில் இருக்கின்றன என்று அர்த்தம். காலி வண்டியில் ரிங் ரோட்டில் ஒரு ரவுண்டு போய் வந்தால் இந்தச் சூடு தெரியவே தெரியாது. ஒன்றரை டன்னோடு ஏழெட்டு நிமிஷம் ஏறும்போதுதான் தெரியும். பட்டறைக்காரர் ட்ரயல் காட்டுவது எப்போதும் காலி வண்டியில்தான்.

ஸ்க்ரூவைத் தொட்டிருக்கிறார்களா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. சீல் கம்பியோ மூடியோ உடைந்திருக்கும், லாக் நட்டில் புதுசாக ஸ்பானர் கீறல் இருக்கும். ரோட்டரி பம்பில் இந்த ஸ்க்ரூவை உள்ளே திருகினால் ஐடிலிங்கும் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) சேர்ந்து ஏறும். அதை மறைக்க ஐடில் ஸ்க்ரூவைக் குறைப்பார்கள். அப்படிச் செய்த வண்டியில் ஆக்ஸிலேட்டரை விட்டாலும் ஆர்பிஎம் உடனே விழாது, கொஞ்சம் தொங்கிவிட்டு இறங்கும்.

அப்படியானால் அந்த வண்டி ஏன் இழுக்கவில்லை? டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸின் அடிப்பக்கம் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. மேலே நின்று பார்த்தால் தெரியாது. டர்போ அழுத்திய காற்று பாதி அங்கேயே போய்க்கொண்டிருந்தது. பழைய டர்போ டீசலில் ‘இழுவை இல்லை’ என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான், செலவும் சொற்பம். டர்போவின் உறிஞ்சும் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் பிவிசி எண்ட் கேப் ஒன்றை எடுத்து, நடுவில் துளை போட்டு, ட்யூப்லெஸ் டயர் வால்வு ஒன்றைப் பொருத்துங்கள். கேப்பை ஹோஸ் கிளிப்பால் இறுக்கி, எஞ்சின் நின்ற நிலையில் பத்து பவுண்டு காற்று மட்டும் கொடுங்கள். சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு ஜாயிண்டிலும் தெளித்தால் நுரை காட்டிக் கொடுத்துவிடும். கேப்புக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள், கிளிப் நழுவினால் பிய்த்துக்கொண்டு வரும். ஹோஸ் மாற்றும்போது துணி அடுக்கு உள்ள சிலிக்கான் அல்லது கம்பெனி ஹோஸ். தண்ணீர் மோட்டருக்குப் போடும் ரப்பர் ஹோஸை வெட்டி மாட்ட விடாதீர்கள், எண்ணெய் ஆவியில் ஊறி இளகிவிடும்.

நாசில் விஷயம் அப்பட்டமான திருட்டு. நாலும் புதுசு என்று பணம் வாங்கியிருக்கிறார்கள். இன்ஜெக்டரை வெளியே எடுத்தால் பழைய நாசில், வெளிக் கரியை மட்டும் பிரஷ் போட்டுத் துடைத்தது. அடியில் இருக்கும் செப்பு வாஷர்கூடப் பழையது, நசுங்கித் தகடாகியிருந்தது. டெஸ்டரில் வைத்து அடித்தால் இரண்டு இன்ஜெக்டர் தூவாமல் சொட்டின. மூன்றாவது பிஸ்டன் அரித்ததற்கு ஸ்க்ரூ பாதிக் காரணம், இந்தச் சொட்டு மீதிப் பாதி. நாசில் மாற்றச் சொன்னால் மூன்று காரியம் கேளுங்கள்: ஒன்று, புது நாசிலின் அட்டைப்பெட்டி, அதிலும் நாசிலிலும் ஒரே எண் பொறித்திருக்கிறதா என்று பார்க்க; இரண்டு, பழைய நாசில் நாலும் கையில்; மூன்று, டெஸ்டரில் உங்கள் கண்முன்னால் ஒவ்வொன்றாக அடித்துக் காட்ட. பனிபோலத் தூவி, நிறுத்தியதும் நுனி காய்ந்திருக்க வேண்டும்.

கோன் ஃபில்டருக்கு வருவோம். எஞ்சின் அறைக்குள் திறந்து கிடக்கும் ஃபில்டர் ரேடியேட்டரைத் தாண்டி வரும் வெந்த காற்றைத்தான் இழுக்கும். சித்திரை வெயிலில் மதுரையில் வெளியிலேயே நாற்பது டிகிரி. பானட்டுக்குள் கேட்கவே வேண்டாம். சூடான காற்றில் ஆக்சிஜன் குறைவு, அதாவது காசு கொடுத்து பவரைக் குறைத்தது. அதைவிட மோசம் புழுதி. மேலூர்ப் பக்கம் குவாரி ரோடு, எம்-சாண்ட் லாரிக்குப் பின்னால் போவது, காட்டுக்குள் லோடு ஏற்றுவது என்று ஓடும் வண்டிக்குக் கம்பெனி பேப்பர் ஃபில்டரை மிஞ்ச ஒன்றுமில்லை. ஃபில்டருக்கு அப்புறம் உள்ள பைப்பைக் கழற்றி உள்ளே வெள்ளைத் துணியால் துடையுங்கள். மண் நிறம் ஒட்டினால் எங்கோ கசிகிறது. அந்தத் தூசி டர்போ இறக்கையைத் தேய்த்து, போரையும் (பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் சுவர்) பிஸ்டன் ரிங்கையும் தின்னும். பேப்பர் ஃபில்டரை உள்ளிருந்து கம்ப்ரஸர் காற்றால் பலமாக ஊதினால் பேப்பர் மடிப்பில் கண்ணுக்குத் தெரியாமல் ஓட்டை விழும், அதையும் செய்யாதீர்கள்.

சைலன்சர் சத்தம் கூடியது, வேறொன்றும் நடக்கவில்லை. அதைப் பற்றிப் பேச அவ்வளவுதான்.

பின் பட்டை வேலைதான் உயிரோடு விளையாடுவது. பக்கத்துக்கு இரண்டு லீஃப் சேர்த்திருக்கிறார்கள். ஏதோ பழைய லாரிப் பட்டையை கேஸ் கட்டரில் வெட்டி, சென்டர் போல்ட் துளையையும் கேஸிலேயே போட்டு, உலையில் காய்ச்சி வளைத்தது. ஸ்பிரிங் எஃகை அப்படிக் காய்ச்சினால் அதன் டெம்பர் (பதப்படுத்தியதில் வந்த உறுதி) போய்விடும். ஒன்று தொய்யும், அல்லது கேஸ் துளையின் ஓரத்திலிருந்து வெடிக்கும். பழைய யூ போல்ட்டையே திருப்பி மாட்டியிருக்கிறார்கள். பட்டை கூடியதால் நட் மரையின் நுனியில் நாலு சுற்றில் நின்றது. யூ போல்ட் ஒருமுறை கழற்றினால் புதுசுதான் போட வேண்டும், நீளமும் நட்டைத் தாண்டி இரண்டு மூன்று மரையாவது தெரிகிற அளவுக்கு. லோடோடு ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருதரம் டார்க் ரென்ச்சில் மறுபடி இறுக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று பிரேக். இந்த வகைப் பிக்கப் பலவற்றில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பியும் வால்வும் இருக்கும். எல்.எஸ்.பி.வி. (லோடு சென்சிங் ப்ரொபோர்ஷனிங் வால்வு) என்பார்கள். லோடு ஏறி வண்டி பின்னால் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும், காலியாக நிமிர்ந்தால் குறைக்கும். பட்டை சேர்த்து வண்டியைத் தூக்கிவிட்டால் முழு லோடு இருந்தாலும் வண்டி காலி என்று வால்வு நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் பாதிதான் பிடிக்கும், முன் பேட் தனியாக எல்லாவற்றையும் சுமக்கும். உசிலம்பட்டிப் பக்கம் கணவாய் இறங்கும்போது பெடல் கீழே போவதும், முன் சக்கரத்தில் தீய்ந்த வாடை வருவதும் அதனால்தான். பட்டை வேலை செய்தால் இந்தக் கம்பியைச் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு மறுபடி செட் செய்தே ஆக வேண்டும். கம்பியை மேலே இழுத்துக் கட்டிவிடுவதும் ஆகாது. மழை ரோட்டில் காலி வண்டியின் பின்சக்கரம் பூட்டி வண்டி சுழன்றுவிடும். பட்டை கூடினால் ஆர்சி புத்தகத்தில் உள்ள எடை கூடுவதில்லை என்பதையும் யாரும் சொல்ல மாட்டார்கள். ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000.

‘கூலிங் வேலை’ என்பது தண்ணீர் சூடானதும் ரேடியேட்டர் வழியைத் திறக்கும் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்தது. மதுரை வெயிலுக்கு அது வேண்டாம் என்று பாதிப் பட்டறைகளில் இன்னும் சொல்கிறார்கள். பல டீசல் எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியையும் அடைக்கும். அதை எடுத்துவிட்டால் கணிசமான தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸிலேயே எஞ்சினுக்குத் திரும்பும். லோடு ஏற்றத்தில் சூடு குறைவதற்குப் பதில் ஏறும். லோடில்லாத நாளில் எஞ்சின் சூடே பிடிக்காமல் ஓடி போர் தேயும், மைலேஜ் விழும். தெர்மோஸ்டாட்டைப் பார்க்க ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தெர்மாமீட்டரும் போதும்: அதன்மேல் பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்க ஆரம்பிக்க வேண்டும். ரேடியேட்டருக்குப் போர்வெல் உப்புத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தி, டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலன்ட்டுக்கு மாறுவதுதான் நிஜமான கூலிங் வேலை.

லைட்டில் 100/90 வாட் பல்பை நேரே பழைய வயரிங்கில் மாட்டியிருக்கிறார்கள். எச்4 பல்புக்கு அனுமதித்த அளவு 60/55. இரண்டு ஹைபீம் சேர்ந்து 200 வாட் என்றால் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 17 ஆம்பியர், அத்தனையும் ஸ்டியரிங் அடியில் உள்ள காம்பினேஷன் சுவிட்ச் வழியே. இரண்டு வாரத்தில் சுவிட்ச் உருகிவிட்டது. நியாயமான வேலை இது: பழைய பல்பையே வைத்துக்கொண்டு, லைட் எரியும்போது பேட்டரியிலும் பல்பு ஹோல்டரிலும் வோல்ட் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் என்றால் வயரிங் தின்கிறது. 30 ஆம்பியர் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்) இரண்டு, லோ பீமுக்கு ஒன்று, ஹைக்கு ஒன்று. பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 2.5 சதுர மில்லி வயர் ரிலேயின் 30ஆம் காலுக்கு, 87 பல்புக்கு, பழைய லைட் வயர் 86க்கு, 85 எர்த். பல்பின் எர்த்தையும் அதே கனத்தில் சேஸிஸில் துருவைச் சுரண்டிக் கட்டுங்கள். இதே வண்டியில் இதைச் செய்தபின் பழைய 60/55 பல்பே பளிச்சென்று எரிகிறது.

அந்தக் கணக்கில் இல்லாத ஒன்று மீட்டர். எஞ்சினில் கை வைக்கும் எண்ணம் இருந்தால் எல்லாவற்றுக்கும் முன் எக்ஸாஸ்ட் சூட்டைக் காட்டும் பைரோமீட்டரும், டர்போ காற்றழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மீட்டரும் போடுங்கள். பைரோமீட்டரின் கே-டைப் ப்ரோப் டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் வர வேண்டும். மேனிஃபோல்டைக் கழற்றி வெளியே வைத்துத்தான் துளை போட வேண்டும். மாட்டிய நிலையில் போட்டால் இரும்புத் தூள் டர்பைனுக்குள் போகும். அதற்கும் முன்னால், எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து, ஆயில் ஊற்றும் துளையின் மேல் தலைகீழாக வையுங்கள். மூடி துள்ளிக் குதித்தால் போர் தேய்ந்த எஞ்சின், அதில் ட்யூனிங்குக்குப் பணம் போடுவது வீண். டீசல் பைப்பில் காந்தம் மாட்டி மைலேஜ் கூட்டித் தருகிறோம் என்பவர்களிடம் பேச்சே வேண்டாம். கம்ப்யூட்டர் டீசலைக் கட்டுப்படுத்தும் காமன் ரெயில் வண்டிக்கு விற்கும் மலிவான ‘சிப்’ டப்பா பலவற்றுக்குள் இருப்பது சென்சாரை ஏமாற்றும் ஒரு ரெசிஸ்டர்.

எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு. பிஎஸ்-4 மாசு விதிக்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகையின் உச்ச அளவு 65 ஹெச்.எஸ்.யு. (புகை அடர்த்தி அலகு); திருகிய பம்ப் அதில் தேறாது. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4)-ன்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ, வண்டி ஓனருக்குத்தான். மாட்டிக் கொடுத்த பட்டறைக்காரர் அங்கே வந்து நிற்க மாட்டார்.

ஏமாந்தவர்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வியாபார வண்டி என்றால் வழக்கு நிற்காது என்று பயமுறுத்துவார்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்காக மட்டும் ஓட்டுபவரை 2019ஆம் ஆண்டுச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. 2 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பேசிப் பார்க்கலாம். ஆனால் கையில் இருப்பது சீல் இல்லாத வெள்ளைத் தாள் என்றால் இழுபறிதான். இந்த வண்டி ஓனருக்கு இப்போது அந்தப் பாடுதான். பணம் ஜிபேயில் அனுப்பியிருந்ததால் தேதியும் தொகையும் மட்டுமாவது நிற்கிறது.

வேலைக்கு விடும்போதே கிலோமீட்டரோடு எஞ்சின் அறையை வீடியோ எடுத்துவிடுங்கள், பம்ப் சீல் தெரிகிற மாதிரி. கழற்றிய சாமான் எல்லாம் திரும்ப வேண்டும் என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். “பழைய இரும்பை வச்சு என்னண்ணே செய்யப் போறீக” என்று சிரிப்பார்கள். ஒரு சாக்கைக் கையோடு கொண்டு போங்கள்.