சொதிக்குத் தோதான வெள்ளை ஒயின்: வெர்மென்டினோ

நெல்லையில் உட்கார்ந்துகொண்டு ஒயின் விமர்சனமா என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். துபாயிலிருந்து லீவுக்கு வந்த அத்தான் விமான நிலையக் கடையில் பிடித்துவந்த பாட்டில் இது: வெர்மென்டினோ டி கல்லூரா. வெர்மென்டினோ திராட்சையின் பெயர், கல்லூரா என்பது இத்தாலியின் சார்டினியாத் தீவில் வடகிழக்கு மூலை. மண் முழுக்க கிரானைட், மேலே வடமேற்கிலிருந்து ஓங்கி வீசும் மிஸ்ட்ரால் காற்று. பணகுடி, காவல்கிணறுக்காரர்களுக்கு அந்தக் காற்றைத் தனியாக விளக்க வேண்டாம். 1996-லேயே இத்தாலியின் உச்சத் தரமான டிஓசிஜி வாங்கிவிட்டது, அந்தத் தீவில் அது கிடைத்த ஒரே ஒயின் இதுதான்.

முதல் வாயில் எலுமிச்சை, பச்சை ஆப்பிள், பின்னாலேயே லேசான உப்பு, விழுங்கியதும் நாக்கின் அடியில் பாதாம் தோலின் கசப்பு. இனிப்பு கிடையாது. கோவாப் பக்கத்து இனிப்பு ஒயினை நினைத்துக்கொண்டு குடிப்பவர்கள் முகம் சுளிப்பார்கள்.

ஆனால் சொதியோடு குடித்துப் பாருங்கள். கெட்டித் தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், கடைசியில் பிழிந்த எலுமிச்சை என்று வாயெல்லாம் மெத்தென்று படிந்திருக்கும்போது இந்தப் புளிப்பு உள்ளே போய் அதை அப்படியே துடைத்துவிடுகிறது, அடுத்த கவளத்துக்கு நாக்கு தயாராகிவிடுகிறது. இஞ்சித் துவையலும் கெடுக்கவில்லை. மிளகு போட்டு வறுத்த மீனுக்கும் நல்ல ஜோடி. காரமான மீன் குழம்பு வேண்டவே வேண்டாம், ஆல்கஹால் மிளகாய் எரிச்சலைக் கூட்டிவிடும், ஒயினின் ருசி அதில் காணாமல் போகும். லேபிளில் சுபீரியோரே (இதே ஒயினின் மேல்தர வகை) என்று இருந்தால் ஆல்கஹால் 13 சதவீதத்துக்குக் குறையாது, அங்கே இன்னும் மோசம்.

வாங்குகிறவர்களுக்கு: பிரான்ஸின் ப்ரோவான்ஸ் பாட்டிலில் ரோல் என்றும் இத்தாலியின் லிகூரியா பாட்டிலில் பிகாத்தோ என்றும் போட்டிருந்தாலும் இதே திராட்சைதான். பெரும்பாலும் இளசாகக் குடிக்கிற ஒயின், அதனால் பழைய வருஷத்துப் பாட்டிலைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். நம்ம ஊர் வெயிலில் அலமாரியில் வைத்தால் கதை முடிந்தது, நேரே ஃபிரிட்ஜ்தான். வெளிநாட்டிலிருந்து வருகிற பெரியவர் ஒருவர் வரியில்லாமல் 2 லிட்டர் கொண்டுவரலாம், அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு, தாராளமாகச் சொல்லி வையுங்கள்.