ஈமேக்ஸுக்குள் ஜேகியூ: தமிழ் கீ உள்ள நெல் கணக்குக்கு எப்படி?

நெல் வரத்தை மொபைல் ஃபாரத்தில் பதிந்தால், தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ கணக்குப் பார்ப்பவர் கைக்குக் கடைசியில் வருவது ஒரு ஜேசன் ஃபைல், அதாவது பெயரும் மதிப்புமாக டேட்டா எழுதிய டெக்ஸ்ட் ஃபைல். ரகம், மூட்டை, ஈரப்பதம் என்று கீ (மதிப்புக்கு முன் வரும் பெயர்) எல்லாம் தமிழில் இருக்கும். அதை ஈமேக்ஸ் என்ற டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து, ஜேசனை அலசும் கட்டளைக் கருவியான ஜேகியூவால் அங்கேயே அலசலாமா? தாராளமாக அலசலாம். தமிழ் கீயால் வரும் சிக்கல்களை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

உபுண்டு லினக்ஸ் 22.04 தரும் ஜேகியூ 1.6, 24.04 தருவது 1.7.1. புதியதையே போடுங்கள். 17, 18 இலக்க எண் வந்தால் 1.6 கடைசி இலக்கங்களை மாற்றிவிடும். 1.7 முதல், அந்த எண்ணை வைத்துக் கூட்டல் கழித்தல் செய்யாதவரை அது அப்படியே நிற்கும். வங்கிக் கணக்கு எண்ணை எப்போதும் ஸ்ட்ரிங்காகவே (மேற்கோள் குறிக்குள் எழுத்தாக) வையுங்கள்.

ஈமேக்ஸ் பக்கம், அதன் பேக்கேஜ் களஞ்சியமான மெல்பாவில் இருக்கும் ஜேகியூ-மோட் போதும். அதில் ஜேகியூ-இன்டராக்டிவ்லி என்ற கட்டளைதான் உயிர். கீழே மினிபஃபரில் (கட்டளை அடிக்கும் வரியில்) ஃபில்டரை, அதாவது ஜேகியூவுக்கான கேள்வியை, அடிக்க அடிக்க, மேலே விடை மாறிக்கொண்டே வரும். எந்த எழுத்தில் தவறினோம் என்பது அந்த நொடியே தெரிகிறது. பேக்கேஜ் வேண்டாம் என்றால், பகுதியைத் தேர்ந்து கன்ட்ரோல்-யூ, பிறகு ஆல்ட்டோடு பைப் குறி அடித்து ஜேகியூவுக்கு அனுப்பலாம். இதில் ஒரு ஆபத்து உண்டு: ஃபில்டர் தப்பானால் உங்கள் டேட்டா இருந்த இடத்தில் பிழைச் செய்தி வந்து உட்காரும். சேமிக்காமல் உடனே அன்டூ செய்துவிடுங்கள்.

இனி தமிழ் விஷயம். ‎.ரகம் என்று எழுதினால் ஜேகியூ ஏற்காது. புள்ளிக்குப் பின் வெறுமனே வரும் பெயரில் தமிழ் எழுத்துக்கு இடமில்லை. மேற்கோள் குறி போட வேண்டும்:

.[] | ."ரகம்"

அதைவிடக் குழப்புவது "கொள்முதல்" போன்ற கீ. கொ-வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் (3018) எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் (3014, 3006) எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். ஜேகியூவுக்கு வேறு வேறு கீ. பிழை சொல்லாமல் நல் (மதிப்பு இல்லை) என்று விடை தரும். எழுத்துகளைக் குறியீட்டு எண்ணாகப் பிரிக்கும் எக்ஸ்ப்ளோட் ஃபங்ஷனில் கீயைப் போட்டால் எந்த வடிவம் என்று எண்ணிலேயே தெரியும். பஃபர் (ஈமேக்ஸில் திறந்திருக்கும் டெக்ஸ்ட்) முழுவதையும் தேர்ந்து, எல்லாவற்றையும் ஒரே வடிவமாக்கும் ஈமேக்ஸின் என்எஃப்சி நார்மலைஸ் கட்டளையை ஒரு தடவை ஓட்டினால் தீர்ந்தது.

மூட்டைக்கு 40 கிலோ. குவிண்டால் பார்க்க:

.[] | ."மூட்டை" * 40 / 100

250 மூட்டை என்றால் 100 குவிண்டால். ஆனால் ஃபாரம் அதை "250" என்று ஸ்ட்ரிங்காக அனுப்பியிருந்தால், பெருக்கல் அதை 40 தடவை ஒட்டி எழுதும், வகுத்தலில் பிழை வரும். பிழை வருவது ஒருவகையில் நல்லது. ஈரப்பதத்தில் அதுவும் வராது. 17 சதவீத வரம்பைத் தாண்டியவற்றைத் தேடும்போது, "16.5" ஸ்ட்ரிங்காக இருந்தால் அதுவும் பட்டியலில் ஏறிவிடும், ஜேகியூவின் வரிசையில் எந்த ஸ்ட்ரிங்கும் எந்த எண்ணையும்விடப் பெரியது. நல்ல நெல் ஈர நெல்லாகக் கணக்கில் நிற்கும். எண்ணாக வேண்டிய எல்லாவற்றையும் முதலில், ஸ்ட்ரிங்கை எண்ணாக்கும் டூநம்பர் வழியாக அனுப்புங்கள்.

பெரிய ஃபைலில் ஃபில்டரை நேரடியாக அடித்தால் திணறும். ஜேகியூ சாதாரணமாக முழு ஃபைலையும் நினைவகத்தில் ஏற்றும், ஃபில்டர் மாறும்போது மறுபடி ஓடும். முதல் 50 பதிவை வேறு பஃபரில் வெட்டி வைத்து ஃபில்டரைத் தேற்றி, பிறகு முழு ஃபைலில் ஓட்டுங்கள்.

ஜேகியூவை கோ மொழியில் எழுதிய வடிவமான கோஜேகியூவுக்கு மாறலாமா என்றால், பெரிய முழு எண்களுக்கு அது நல்ல தேர்வு. கீயின் மூல வரிசையை அது காப்பதில்லை. பஃபரைத் திருத்திச் சேமிக்கும் வேலைக்கு ஜேகியூவே சரி.