மாலை போட்ட "1908 ரோல்ஸ் ராய்ஸ்" படம்: 18,500 ரூபாய் போச்சு, நீங்களாவது வாங்காதீர்கள்

மதுரைப் பக்கம் பழைய படம் சேர்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இன்று காலையிலிருந்து ஒரு படம் சுற்றுகிறது. ஆயுத பூஜைக்கு ஜோடித்த பழைய கார். ரேடியேட்டர் முழுக்க மாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று, ஃபுட்போர்டில் இரண்டு பையன்கள், பக்கத்தில் அங்கவஸ்திரத்தோடு ஒரு பெரியவர். "ஜமீன் வீட்டுப் பரண் சரக்கு, 1908 ரோல்ஸ் ராய்ஸ், ஒரே பிரதி, 22,000" என்று போட்டிருக்கிறார்கள். ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அந்த "ஒரே பிரதி" இப்போது என் மேஜை மேல் கிடக்கிறது. போன சனிக்கிழமை 18,500 ரூபாய் கொடுத்து வாங்கியது.

கடைப் பெயரை எழுத முடியாது, வக்கீல் நண்பர் வேண்டாம் என்கிறார். பித்தளைச் சாமான், கிராமபோன், செட்டிநாட்டுத் தூண், ஃபிரேம் போட்ட படம் எல்லாம் ஒரே கூரைக்கடியில் குவித்து வைத்திருக்கும் வகைக் கடை. இனி யாரும் மாட்டக்கூடாது என்று பத்துக் குறிப்பாவது எழுதத்தான் உட்கார்ந்தேன். முதலில் நடந்தது.

பழைய வண்டிகளைப் பற்றி ஒன்றும் தெரியாதவனைக் கடைக்காரர் ஏமாற்றவில்லை. தெரிந்தவன் என்பதை வைத்துத்தான் ஏமாற்றினார். வாட்ஸ்அப்பில் வந்த படம் மங்கல். நேரில் போனால் கண்ணாடி போட்ட ஃபிரேம், நான்கு பக்கமும் அகலமான மவுண்ட் அட்டை. முன் ஆக்சில், சக்கரத்தின் கீழ்ப்பாதி எல்லாம் அட்டைக்கு அடியில். நான் "ரோல்ஸ் மாதிரி தெரியலையே" என்றேன். அதற்கு அவர் சொன்ன பதில் இது:

"அண்ணே, உங்களுக்குத் தெரியாததா? அந்த றெக்கை வச்ச பொம்பளைச் சிலை 1911லதான வந்துச்சு? மாலைக்கு மேல பாருங்க, வெறும் மூடிதான் இருக்கு. அப்ப 1911க்கு முந்துன வண்டிதானண்ணே?"

இந்த ஒரு வரியில் விழுந்தேன். அவர் சொன்ன ஆண்டு சரி. ரேடியேட்டர் மூடி மேல் நிற்கும் ரோல்ஸ் ராய்ஸின் 'ஸ்பிரிட் ஆஃப் எக்ஸ்டஸி' சிலை 1911ல்தான் வந்தது. ஆனால் அப்போது அது தனிக் காசு கொடுத்து வாங்குகிற பொருள். சிலை இல்லாமலே ஓடிய ரோல்ஸ்கள் உண்டு. ஃபோர்டு, ஓவர்லேண்ட், செவர்லே எதிலும் அந்தச் சிலை இருக்கப்போவதில்லை. இல்லாத ஒன்றைக் காட்டி ஆண்டைக் குறிக்க முடியாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும், நம் பாஷையில் ஒருவர் பேசுகிறாரே என்று தலை ஆடிவிட்டது.

"ஃபிரேமைப் பிரிச்சுக் காட்டுங்க" என்றேன். "பிரிச்சா பேப்பர் பொடிஞ்சிரும்ணே. வீட்டுக்குக் கொண்டுபோய் பைய பிரிச்சுக்கங்க, எங்கிட்டு ஓடிறப் போறேன்" என்றார். ஜிபேயில் 5,000, கையில் 13,500, ஆக 18,500. பில் கேட்டதற்கு ஒரு துண்டுச்சீட்டில் "போட்டோ 1" என்று எழுதிக் கொடுத்தார். ஆண்டும் இல்லை, வண்டிப் பெயரும் இல்லை.

ஞாயிறு ராத்திரி பிரித்தேன். ஃபிரேமின் பின்பக்கக் காகிதம் பழுப்பு, அதில் அடித்திருந்த ஆணிகள் பளபளவென்று புதுசு. அப்போதே வயிற்றைக் கலக்கியது. மவுண்ட் அட்டையைத் தூக்கியதும் மிச்சமும் தெரிந்தது.

ரேடியேட்டருக்குக் கீழே, ஆக்சிலுக்கு மேலே, இடமிருந்து வலமாக வில் மாதிரி வளைந்த ஒற்றைப் பட்டை ஸ்பிரிங். அந்தக் காலத்து வண்டியில் இது இருந்தால் பெரும்பாலும் ஃபோர்டுதான். அந்தக் காலத்துக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்பக்கம் இரண்டு பட்டை ஸ்பிரிங், வண்டியின் நீளவாக்கில் இருக்கும். அவற்றைத் தாங்கும் சட்டத்தின் இரண்டு முனைகள் ரேடியேட்டருக்கு முன்னால் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டு தெரியும். அந்தக் காலத்து ரோல்ஸ் மாடலான சில்வர் கோஸ்டும் அப்படித்தான். ஃபோர்டு மாடல் டி-க்கு கொம்பு கிடையாது. குறுக்காக ஒரே ஸ்பிரிங், ரேடியேட்டர் கிட்டத்தட்ட ஆக்சிலுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கும். மாலையும் வாழைக்கன்றும் இதை மறைக்காது, மறைக்க மவுண்ட் அட்டைதான் வேண்டும். அதனால்தான் அந்த அட்டை அவ்வளவு அகலம். (பின்னால் வந்த மாடல் ஏ-க்கும் குறுக்கு ஸ்பிரிங்தான், ஆனால் அதில் கம்பிச் சக்கரம். என் படத்தில் மரச்சக்கரம்.)

சரி, மாடல் டி-யாகவே இருக்கட்டும், அதுவும் 1908ல்தானே வந்தது என்று ஒரு நப்பாசை. அதுவும் உடைந்தது. 1916 மாடல் வரை மாடல் டி-க்குப் பித்தளை ரேடியேட்டர். 1917 மாடலிலிருந்து கறுப்புப் பெயிண்ட் அடித்த இரும்புக் கூடு, அதோடு பானெட் உயர்ந்தது, தட்டையாக இருந்த மட்கார்டு வளைந்து உருண்டது. படத்தில் மாலைக்குக் கீழே விரற்கடை அளவு எட்டிப்பார்ப்பது கறுப்புக் கூடு, மட்கார்டும் உருண்டது. மரச்சக்கரத்தின் வளையத்தில் நான்கு நட்டு தெரிகிறது. பஞ்சரானால் ரிம்மைத் தனியாகக் கழற்றுகிற வசதி அது, ஃபோர்டு கம்பெனியே கொடுக்க ஆரம்பித்தது 1919ல். வெளியே வாங்கிப் பூட்டிக்கொண்டவர்களும் இருந்தார்கள், ஆகவே அதை மட்டும் நம்பி ஆண்டு சொல்ல மாட்டேன். 1926 மாடலில் பாடியே தாழ்ந்து நீண்டுவிட்டது, இது அதற்கு முந்தைய உயரமான பாடி. ஆக 1917க்கும் 1925க்கும் நடுவில் செய்த வண்டி. ஸ்டியரிங் வலது பக்கம். இந்தியாவுக்கு வந்த மாடல் டி-க்கள் கனடா ஃபோர்டிலிருந்து வலது ஸ்டியரிங்கோடு வந்தவை, அதிலும் ஆச்சரியம் இல்லை.

வண்டி செய்த ஆண்டு, படம் எடுத்த ஆண்டு ஆகாது. 1920ல் செய்த ஃபோர்டு 1940லும் மாலை போட்டுக்கொண்டு நின்றிருக்கும். வண்டியை வைத்து "இந்த வருஷத்துக்கு முந்தி எடுத்திருக்க முடியாது" என்று மட்டும்தான் சொல்லலாம்.

காகிதமாவது தேறுமா என்று பார்த்தேன். நகைக்கடை லென்ஸில் (பத்து மடங்கு) பிரிண்டர் மைப்புள்ளி இல்லை, உண்மையான போட்டோ காகிதம்தான். ஆனால் கள்ளநோட்டுப் பார்க்கிற யூவி டார்ச்சை இருட்டில் அடித்தால் ஓரமெல்லாம் நீலவெள்ளையாகப் பளிச்சிடுகிறது. போட்டோ காகிதத்தில் இப்படி ஒளிர வைக்கிற வெண்மை ரசாயனம் சேர்த்தது 1950களில் தொடங்கி. (ஒளிரவில்லை என்றால் பழசு என்று அர்த்தமில்லை. ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள், அவ்வளவுதான்.) அடுத்து டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். படத்தில் கீறலும் மடிப்பும் கண்ணுக்குத் தெரிகின்றன, விரலுக்குத் தட்டவில்லை. அதாவது கீறல் விழுந்த மூலப்படத்தை யாரோ படம் எடுத்து, அந்த நெகட்டிவிலிருந்து பிரிண்ட் போட்டிருக்கிறார்கள். நெகட்டிவ் இருந்தால் எத்தனை "ஒரே பிரதி" வேண்டுமானாலும் வரும். ஒன்றுக்கு நான் கொடுத்தது 18,500.

திங்கட்கிழமை போன் அடித்தேன். "அண்ணன் அழகர்கோயில் போயிருக்காரு" என்றான் கடைப் பையன். செவ்வாய்க்கிழமை, "சரக்கெடுக்கப் பெரியகுளம் பக்கம் போயிருக்காரு, டவர் கிடைக்காது." புதன்கிழமை நேரிலேயே போய் நின்றேன். அழகர்கோயில், பெரியகுளம் எல்லாம் போனவர் கல்லாவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். குறுக்கு ஸ்பிரிங்கைக் காட்டினேன். "அது ஏதோ ரிப்பேருக்கு மாத்தியிருப்பாங்க சார்" என்றார். சனிக்கிழமை "அண்ணே", புதன்கிழமை "சார்". ரோல்ஸுக்கு ஃபோர்டு ஸ்பிரிங்கை ரிப்பேருக்கு மாற்றுவது எருமைக்கு ஆட்டுக்கால் வைப்பது மாதிரி. காகிதம் ஒளிர்வதைக் காட்டினால், "அந்த லைட்டுல என் வேட்டிகூடத்தான் மின்னுது" என்று சிரிக்கிறார். வேட்டி மின்னத்தான் செய்யும். சோப்புத் தூளிலும் அதே ரசாயனம் இருக்கிறது. 1908 படத்தில் ஏன் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. கடைசியாக, "ஃபிரேமைப் பிரிச்சிட்டீங்க சார், பிரிச்ச மால் ரிட்டர்ன் கிடையாது." பிரித்துப் பார்த்துக்கொள் என்று சொன்னதே அவர்தான்! வியாழக்கிழமை என் நம்பர் பிளாக். 18,500 ரூபாய்க்கு என்னிடம் மிச்சம் "போட்டோ 1" என்ற துண்டுச்சீட்டு.

இன்று குழுவில் வந்திருக்கும் படத்தை நன்றாகப் பாருங்கள். இடவலம் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். என் பிரதியில் பெரியவரின் அங்கவஸ்திரம் இடது தோளில், புதிய படத்தில் வலது தோளில். என்னுடையதில் ஸ்டியரிங் வலது பக்கம், அதில் இடது பக்கம். "லெஃப்ட் ஹேண்ட் டிரைவ், சீமையிலிருந்து நேரா வந்தது" என்று அடுத்த கதை தயாராக இருக்கும். சீமையிலேயே வலது பக்கம்தான் ஸ்டியரிங் என்பது வேறு விஷயம். திருப்பிப் போட்ட படத்தைப் பிடிக்க வண்டியே தெரிய வேண்டாம். சேலை முந்தானை எந்தத் தோளில், சட்டைப்பை எந்தப் பக்கம், பலகையில் எழுத்து இடவலம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பின்னணியில், யானை படுத்த மாதிரி இருக்கும் யானைமலை தெரிந்தால் ஒரு நடை போய் அதே கோணத்தில் போனில் படம் எடுத்து, யானையின் தலை எந்தப் பக்கம் என்று ஒத்துப்பாருங்கள்.

அதே கடையில் இன்னொன்றும் மாட்டியிருக்கிறது. "1912 மதுரை பஸ்", விலை 30,000. டி.வி.எஸ். பஸ் கம்பெனியின் டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911ல் இங்கே தொழில் தொடங்கியது ஊருக்கே தெரியும் என்பதால், 1911, 1912 என்று சொன்னால் மதுரையில் விலை தானாக ஏறும். அந்த பஸ்ஸின் பின்னால் ஆள் உயர டிரம் ஒன்று தொங்குகிறது. கரியை எரித்து இன்ஜினை ஓட்டக் கேஸ் தயாரிக்கிற அடுப்பு அது. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது பஸ்களில் மாட்டியது. முப்பது வருஷம் தள்ளிச் சொல்கிறார்கள்.

பத்துக் குறிப்பு என்று சொன்னேன். இப்போது இருக்கிற கொதிப்பில் பத்தெல்லாம் வராது, நினைவுக்கு வருவதை எழுதிவிடுகிறேன்.

பக்கவாட்டில் நேராக எடுத்த படமானால் ஸ்கேலை வையுங்கள். முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடு வரை அளந்து, டயரோடு சேர்ந்த சக்கர உயரத்தால் வகுங்கள். மாடல் டி-க்கு 100 அங்குலம், சக்கரம் 30, ஆக 3.3 வரும். சில்வர் கோஸ்ட் 135½ அங்குலத்துக்குக் குறையாது, சக்கரம் சுமார் 35, கிட்டத்தட்ட 4 வரும். சாய்வாக எடுத்த படத்தில் இந்தக் கணக்கு உதவாது, நீளம் சுருங்கிவிடும்.

முன்சீட்டுக்குக் கதவு இருந்தால் 1910க்கு முந்தியது என்று யார் சொன்னாலும் சட்டென்று நம்பாதீர்கள். கதவை ஆள் மறைத்திருந்தால் இன்னும் நம்பாதீர்கள். முன்சக்கரத்தில் பிரேக் டிரம் தெரிந்தால் பெரும்பாலும் 1920களின் நடுவுக்குப் பிறகு. குண்டு டயரும் 1923க்குப் பிறகுதான். டயர் வெளுப்பாகத் தெரிந்தால் பழசு என்று குதிக்க வேண்டாம், நம்மூர்ப் புழுதியில் கறுப்பு டயரும் வெளுப்பாகத்தான் விழும். வண்டி கறுப்பு என்றும் சொல்லாதீர்கள். அந்தக் காலத்துக் கேமராவில் ஃபிலிமுக்குப் பதில் போட்ட கண்ணாடி பிளேட்டுக்குச் சிவப்பு தெரியாது, சிவப்பு வண்டியும் குங்குமப் பொட்டும் கறுப்பாகத்தான் வரும்.

காசு கொடுக்கும் முன் ஃபிரேமைக் கடையிலேயே பிரிக்கச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் கிளம்பிவிடுங்கள். பில்லில் வண்டிப் பெயர், ஆண்டு, "மூலப் பிரிண்ட்" என்ற சொல் மூன்றும் இருக்க வேண்டும்.

நான் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். 5 லட்சத்துக்குள் என்றால் நுகர்வோர் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் இல்லை, அதையும் திங்கட்கிழமை போடுகிறேன். இதே படத்தை வேறு யாராவது வாங்கியிருந்தால் தனியாகச் செய்தி அனுப்புங்கள். இரண்டு "ஒரே பிரதி"யைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் மனு பலமாகும்.