வைரஸைக் கொல்லும் பில்டரா, தூசியைப் பிடிக்கும் பில்டரா: அக்காவின் சேமிப்புக்கு எது?

போன கிழமை ஒரு இரவு ரொறன்ரோவிலிருந்து அக்கா அழைத்தார். "அத்தான் எங்கட சேமிப்பில பாதியை ஒரு கொம்பனியில போடப்போறாராம். வைரஸைக் கொல்லுற ஏசி பில்டர் செய்யிற கொம்பனியாம். நீதானே பில்டர் மாத்திற ஆள், ஒருக்கா பார்த்துச் சொல்லு" என்றார்.

நான் கொழும்பில் பதினைந்து வருடமாகக் கட்டிட ஏசி பராமரிப்பில் இருக்கிறேன். கோட்டை, கொள்ளுப்பிட்டி, யூனியன் பிளேஸ் பக்கத்து மாடிக் கட்டிடங்கள்தான் என் அன்றாடம். கொழும்புப் பங்குச் சந்தையில் சின்ன அளவில் வாங்கி விற்ற பழக்கமும் உண்டு. ஆனால் இது அக்காவும் அத்தானும் இரவு வேலையும் பார்த்துச் சேர்த்த காசு. வாய்க்கு வந்ததைச் சொல்ல மனம் வரவில்லை. அந்தக் கொம்பனியின் அறிக்கைகளை எடுத்து ஒரு கிழமை வாசித்தேன், அத்தானோடு மூன்று இரவு பேசினேன். பெயரை இங்கே எழுதவில்லை. இதே மாதிரியான சிறு கொம்பனிகள் பல நாட்டுச் சந்தைகளில் இருக்கின்றன, அவற்றைச் சுற்றி நடக்கும் வாதமும் கிட்டத்தட்ட இதேதான்.

அத்தானின் தெரிவு: கிருமிநாசினி பூசிய பில்டருக்குக் காப்புரிமை வைத்திருக்கும், இன்னும் இலாபம் பார்க்காத சிறு கொம்பனி. 2021 இல் டொலரில் இருந்த பங்கு இப்போது சதங்களில் இருக்கிறது. "அடிமட்டத்தில வாங்கவேணும் தம்பி" என்பது அவர் கணக்கு.

அதற்கு எதிரே நான் வைத்தது டொனால்ட்சன். 1915 இல் மினியாபொலிஸில் தொடங்கிய அமெரிக்கக் கொம்பனி. லொறி எஞ்சினிலிருந்து தொழிற்சாலைத் தூசி வரைக்கும் பில்டர்தான் அவர்களின் தொழில். வருட விற்பனை 350 கோடி டொலருக்கு மேல், பங்கிலாபம் ஒழுங்காக வருகிறது. கட்டிட ஏசி பில்டரில் இன்னும் பெரிய பெயர்கள் இருக்கின்றன. ஆனால் சுவீடனின் கம்ஃபில் தனியார் கையில் உள்ளது, அதில் பங்கு வாங்க முடியாது. ஏஏஎஃப் ஜப்பானின் டைக்கினுக்குள் இருக்கிறது. ஆகவே ஒப்பிட வசதியானது டொனால்ட்சன்தான்.

முதலில் பொருளைப் பார்ப்போம். அங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

காலி வீதியைப் பார்த்த ஒரு கட்டிடத்தின் ஒன்பதாம் மாடி ஏஎச்யூ அறையில், அதாவது காற்றைக் குளிராக்கி மாடிக்கு அனுப்பும் இயந்திரம் இருக்கும் அறையில், போன மாதம் பில்டர் கழற்றினேன். பில்டரின் சட்டத்தில் நானே மார்க்கரால் எழுதிய திகதி இருந்தது, நாலு மாதம் முந்தியது. வெள்ளையாகப் போட்ட துணி முன்பக்கம் சாம்பல் நிறக் கம்பளி மாதிரி ஆகியிருந்தது. விரலால் வழித்தால் டீசல் புகைக்கரி எண்ணெய்ப்பிசுக்கோடு வருகிறது. கடல் ஈரத்தில் அந்தத் தூசி உதிராமல் ஒரு தோலாக ஒட்டிக் கிடக்கிறது. பூச்சுப் பூசிய பில்டராக இருந்தால் மருந்து அந்தத் தோலுக்கு அடியில் இருக்கும். புதிதாக வரும் வைரஸ் போய் உட்காருவது தூசியின் மேல். மருந்தும் வைரஸும் தொட்டால்தானே வேலை நடக்கும்?

அத்தானிடம் நான் கேட்ட முதல் கேள்வி இது. புதுப் பில்டரில் 99.9 சதவீதம் கொல்கிறது என்று போட்டிருக்கிறார்கள், நாலு மாதத் தூசி படிந்த பில்டரில் எவ்வளவு? அறிக்கைகளில் அதற்குப் பதில் கிடைக்கவில்லை.

99.9 என்ற எண்ணை வாசிக்கும்போது இன்னொன்றையும் பார்க்கவேண்டும். எவ்வளவு நேரத்தில்? துணிகளின் வைரஸ் எதிர்ப்பை அளக்கும் ஐஎஸ்ஓ 18184 சோதனையில் வைரஸைத் துணியில் விட்டு வழக்கமாக இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் எண்ணுகிறார்கள். காற்று பில்டரைத் தாண்டுவதற்கோ ஒரு நொடியின் சிறு பகுதி போதும். அதாவது பில்டர் பிடித்து வைத்ததைத்தான் மருந்து கொல்லும். பிடிபடாமல் போனது உயிரோடு மறுபக்கம் போய்விடும்.

பிடிப்பதை மருந்தில்லாத நல்ல பில்டரே செய்கிறது. ஹெப்பா பில்டர் 0.3 மைக்ரோன் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கவேண்டும் என்பது அமெரிக்க அளவுகோல். கொரோனா வைரஸ் சுமார் 0.1 மைக்ரோன்தானே, சல்லடைக்குள்ளால் நழுவிவிடாதா என்று அக்கா கேட்டார். நல்ல கேள்வி. பில்டர் சல்லடை மாதிரி வேலை செய்வதில்லை. மிகச் சிறிய துகள்கள் நேராகப் போகாமல் அங்குமிங்கும் துள்ளித் திரிவதால் இழையில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. அதோடு வைரஸ் தனியாகப் பறப்பது குறைவு, மூச்சில் வரும் ஈரத்துளிக்குள் இருந்துதான் பயணம் செய்கிறது. பிடிபட்ட வைரஸ் நெடுநாள் உயிரோடு இருப்பதுமில்லை. 2020 மார்ச்சில் வந்த ஆய்வில் கொரோனா வைரஸ் பிளாஸ்டிக்கில் 72 மணித்தியாலம் வரைக்கும், செம்பில் 4 மணித்தியாலம் வரைக்கும்தான் தாக்குப்பிடித்தது. நான் பில்டர் மாற்றுவது மாதக்கணக்கில்.

சரி, அத்தானின் பக்கத்தில் பலமே இல்லையா? இருக்கிறது, இரண்டு.

ஒன்று மின்கட்டணம். பில்டர் நுணுக்கமாக நுணுக்கமாகக் காற்று போகச் சிரமப்படும், மோட்டார் கூடுதலாக இழுக்கும். பிரஷர் டிரொப் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். இங்கே 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மறுபடி 66 சதவீதமும் ஏறியபோது, நல்ல பில்டரைக் கழற்றிவிட்டு மலிவானதைப் போடச் சொன்ன கட்டிட முகாமையாளர்களை நான் பார்த்திருக்கிறேன். பூச்சுப் பில்டர்காரர்கள் சொல்வது, நுணுக்கத்தைக் கூட்டாமல் மருந்தைப் பூசு, மோட்டாருக்குச் சுமை ஏறாது என்று. பலம் குறைந்த விசிறி உள்ள ரயிலிலும் பஸ்ஸிலும் இந்த வாதம் இன்னும் பொருந்தும், அங்கே ஹெப்பா போட இடமே இல்லை.

மற்றது பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வு, 2022 இல் வெளிவந்தது. குளோர்ஹெக்சிடின் பூசிய பில்டர் கொரோனா வைரஸை ஒரு நிமிடத்துக்குள் கொன்றிருக்கிறது. ரயில் பெட்டிகளில் சுமார் மூன்று மாதம் வைத்தும் பார்த்திருக்கிறார்கள், கழற்றியபோது பூசிய பில்டரில் நோய்க்கிருமி இல்லை. குளோர்ஹெக்சிடின் புது மருந்து ஒன்றுமில்லை, பாமசியில் வாய் கொப்பளிக்க வாங்குவதிலும், சத்திரசிகிச்சைக்கு முன் டொக்டர்மார் கை கழுவுவதிலும் இருப்பதுதான். கனடாவிலேயே அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் உப்புப் பூசிய முகக்கவசத்தை 2017 இல் காட்டினார்கள். நம் பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் 2021 இல் வைரஸ் எதிர்ப்பு முகக்கவசம் செய்தார்கள். ஆக இது மந்திரம் மாயமில்லை, விஞ்ஞானம் உண்மையானது.

இதில் எனக்குச் சொந்த ஆசையும் இருக்கிறது. 2021 இல் கொவிட் நோயாளிகள் இருந்த ஒரு மாடியின் பில்டரை மாற்றினேன். மழைக்கோட்டு, இரண்டு முகக்கவசம், இரண்டு கையுறை. பில்டரை நெஞ்சோடு அணைத்துக் கறுப்புப் பையில் இறக்கி, வாயை முறுக்கிக் கட்டி, அதை இன்னொரு பைக்குள் போட்டேன். வீட்டுக்கு வந்து மகளை ஐந்து நாள் தூக்கவில்லை. அந்தப் பில்டரில் மருந்து பூசியிருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! பில்டர் மாற்றும் ஒவ்வொருவனுக்கும் இது வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

ஆனால் பில்டருக்குக் காசு கொடுப்பது நான் இல்லையே. கொள்வனவுப் பிரிவுதான் கொடுக்கிறது. அவர்கள் பார்ப்பது விலை, எத்தனை மாதம் தாங்கும், மின்சாரம் எவ்வளவு, சான்றிதழ் என்ன. பிடிபட்ட வைரஸ் அங்கே செத்ததா இல்லையா என்று இத்தனை வருடத்தில் ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. 2023 இல் அமெரிக்காவில் ஏசிப் பொறியியலாளர்களின் அமைப்பான ஆஷ்ரே தொற்றுக் காற்றுக்கென்றே 241 என்ற தரநிலையை வெளியிட்டது. அத்தான் அதை நல்ல சகுனமாகச் சொன்னார். எனக்கு அது மறுபக்கம் சாய்வதாகப் படுகிறது. அதில் வெளிக்காற்று, பில்டர், புறஊதா விளக்கு எல்லாவற்றையும் ஒரே அளவில், அறைக்கு எவ்வளவு சுத்தமான காற்று கிடைக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். பில்டர் பிடித்தது அந்தக் கணக்கில் ஏற்கெனவே சேர்ந்தாயிற்று. பிடித்ததைப் பிறகு கொன்றாலும் அந்தக் கணக்கு ஏறாது. அப்புறம் கொள்வனவுக்காரர் எதற்குக் கூடுதல் விலை கொடுப்பார்?

விளம்பரத்திலும் ஒரு சிக்கல். அமெரிக்காவில் ஒரு பொருள் கிருமியைக் கொன்று மனிதரைக் காக்கும் என்று எழுதவேண்டுமானால் சூழல் பாதுகாப்பு முகவரகத்தில் பதிவு வேண்டும், அதற்குச் சான்றும் செலவும் நிறைய. பதிவில்லாமல், அதற்கென்று அனுமதித்த மருந்தைப் பூசிய பொருளில், பூச்சு அந்தப் பொருளைக் கெடாமல் காக்கும் என்ற அளவுக்குத்தான் எழுதலாம். ஆகவே பத்திரிகை அறிக்கையில் வைரஸைக் கொல்கிறது என்றும், பெட்டியில் பில்டரைப் பாதுகாக்கிறது என்றும் இருந்தால், பெட்டியில் இருப்பதைத்தான் நான் நம்புவேன். அத்தானிடம் பெட்டியின் படத்தைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். அவர் அதுவரை பார்த்திருக்கவில்லை.

இனிக் காசு. சிறு கொம்பனி விற்பனையில் செலவை ஈடுகட்ட முடியாதபோது புதுப் பங்கு அச்சடித்து விற்கும். நம் சந்தையில் உரிமைப் பங்கு வழங்கினால் பழைய பங்குதாரருக்கு வாங்க முதலிடம் கிடைக்கும். அத்தான் வாங்கும் சந்தையில் இந்த மாதிரிக் கொம்பனிகள் பெரும்பாலும் வெளியாருக்குக் குறைந்த விலையில் கொடுத்துவிடுகின்றன. பத்துக் கோடிப் பங்கில் உங்களிடம் ஒரு இலட்சம் இருந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு உங்களுடையது. பங்கு இருபது கோடியானால் அதே ஒரு இலட்சத்தோடு நீங்கள் பாதியாகிவிட்டீர்கள். தொழில்நுட்பம் வெல்லலாம், உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாமலும் போகலாம். அத்தானின் கொம்பனியில் மூன்று வருடத்தில் பங்கு எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல். விலை ஏன் சதத்துக்கு வந்தது என்பதில் பாதிப் பதில் அங்கேயே இருக்கிறது.

"பெரிய கொம்பனி ஒண்டு வந்து முழுசா வாங்கும், பாரன்" என்றார் அத்தான். பில்டர் உலகில் அப்படி நடப்பது உண்மைதான். 2017 இல் பார்க்கர் ஹனிஃபின் என்ற பெரிய கொம்பனி, கிளார்கோர் என்ற பில்டர் கொம்பனியை 430 கோடி டொலருக்கு வாங்கியது. ஆனால் கிளார்கோர் நூறு வருடத்துக்கு மேல் பழையது. மாற்றுப் பில்டருக்காகத் திரும்பத் திரும்ப வரும் வாடிக்கையாளர்கள் அதனிடம் இருந்தார்கள், அந்த வாடிக்கைக்குத்தான் அவ்வளவு விலை. டொனால்ட்சனின் பலமும் அதுவே. லொறி ஓடும்வரை பில்டர் மாற்றவேண்டும். பத்து மடங்கு ஏறும் பங்கு அது இல்லை. அத்தானுக்கு அது சலிப்பாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கு அந்தச் சலிப்பு நல்லது.

கொவிட் காலத்துத் தேவையை வைத்துக் கணக்குப் போடுவதும் ஆபத்து. மலேசியாவின் டொப் குளோவ் உலகிலேயே பெரிய கையுறைத் தயாரிப்பாளர். 2021 இல் பல நூறு கோடி ரிங்கிட் இலாபம், 2023 இல் நட்டம். கையுறை வைத்தியசாலைக்கு ஒவ்வொரு நாளும் வேண்டிய பொருள், அதற்கே இந்த நிலை.

புறஊதா விளக்குப் பக்கம் போகலாமா என்று அத்தான் இடையில் கேட்டார். 1930களிலிருந்து பாவனையில் உள்ள முறை, வேலை செய்யும், ஆனால் விளக்கை யாரும் செய்யலாம் என்பதால் அதிலும் சிறு கொம்பனிகளுக்கு இதே நெருக்கடி. கொழும்புக்கு அனுப்பி, அரசாங்கம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் திறைசேரி உண்டியலில் போடலாமா என்று அக்கா கேட்டார். 2022 கடைசியில் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியதைக் கேள்விப்பட்டிருக்கிறார். அதே வருடம் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனதையும் சேர்த்துத்தான் அந்த வட்டியைப் பார்க்கவேண்டும் என்றேன். இப்போது அந்த வட்டியும் இல்லை.

நான் அக்காவுக்குச் சொன்னது இது. சேமிப்பில் பாதி என்ற பேச்சுக்கே இடமில்லை. பில்டர் தொழிலில் பங்கு வேண்டுமென்றால் டொனால்ட்சன் மாதிரி ஒன்றில் கொஞ்சம். சிறு கொம்பனியில் அத்தானுக்கு ஆசை விடவில்லை என்றால், போனாலும் வீட்டு வாடகை தடைப்படாத தொகை, அதுவும் அவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் தந்த பிறகு. முன்னோடித் திட்டம், புரிந்துணர்வு ஒப்பந்தம், விநியோகஸ்தர் நியமனம் எல்லாம் அறிக்கையில் வரிசையாக இருக்கின்றன. 2021 இல் அந்தப் பில்டரை வாங்கிய கட்டிடங்களில் எத்தனை, அது பழுதானதும் அதையே மறுபடி வாங்கின? என் வேலையில் எந்தப் பில்டரின் தரத்தையும் நான் அறிவது இரண்டாவது ஓடரில்தான்.

நேற்று அத்தான் அழைத்தார். கோபம் ஒன்றும் இல்லை. அந்தக் கேள்வியை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி, தூசி படிந்த பில்டரின் சோதனை முடிவையும் சேர்த்துக் கேட்டு, முதலீட்டாளர் தொடர்புப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறார். "பதில் வரட்டும் தம்பி, வந்தவுடன உனக்குத்தான் முதலில அனுப்புவன்" என்றார். அக்காவின் காசு வங்கியில் ஒரு வருட வைப்பில் இருக்கிறது. மார்ச்சில் முதிர்கிறது.