மிதித்தால் திணறும் டர்போ: பாகமா, அட்டவணையா, பதிவா?

ரீமேப் (இன்ஜின் கணினியின் அட்டவணைகளைத் திருத்தி எழுதுவது) செய்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. மூன்றாம் கியரில் 2,500 சுற்றில் ஆக்சிலரேட்டரை ஒரே மூச்சில் மிதித்தால் வண்டி அரை நொடி திணறியது. அதன் பிறகும் முழு இழுவை வரவில்லை. என்னுடையது பாஷ் எம்.இ.7 கணினி உள்ள பழைய 1.8 லிட்டர் பெட்ரோல் டர்போ.

மூன்று வழிகள் தெரிந்தன. சந்தேகப்படும் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றுவது, ரீமேப் செய்த ட்யூனரிடம் திரும்பப் போய், எவ்வளவு பெட்ரோல் தர வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் எரிபொருள் அட்டவணையைத் திருத்தச் சொல்வது, எதையும் தொடாமல் ஓட்டியபடியே தரவைப் பதிவு செய்து படிப்பது. நான் மூன்றாவது வழியில் போனேன். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

பாகம் மாற்றுவதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. பொறிக்கு மின்சாரம் தரும் காயில், உள்ளே வரும் காற்றை அளக்கும் மாஃப் சென்சார் என்று வாங்கிக்கொண்டே போனால் பணம் கரையும், காரணம் தெரியாது. ஸ்பார்க் பிளக் மட்டும் விதிவிலக்கு. பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏற்றிய இன்ஜினில் பிளக் இடைவெளி அகலமாக இருந்தால் பொறி அணைந்துபோகும். 0.7 மி.மீ. அளவுக்குக் குறைத்துப் பார்க்கச் செலவே இல்லை. பார்த்தேன், திணறல் அப்படியே இருந்தது.

அட்டவணை வழிதான் ஆசை காட்டியது. "அந்த இடத்தில் பெட்ரோலைக் கொஞ்சம் குறைத்தால் சரியாகிவிடும், அரை மணி நேர வேலை" என்றார் ட்யூனர். உண்மையிலேயே சரியாகியிருக்கும். எனக்குப் பயமே அதுதான்.

மாஃப் சென்சார் டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. அது அளந்த காற்று முழுவதும் சிலிண்டருக்குப் போகிறது என்று நம்பித்தான் கணினி பெட்ரோலைத் தருகிறது. டர்போவுக்குப் பிந்திய குழாயில் கசிவு இருந்தால், வெளியேறிவிட்ட காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் இறங்கும். கலவை கனத்து வண்டி திணறும். இந்த நிலையில் அட்டவணையில் பெட்ரோலைக் குறைத்தால் திணறல் மறையும், கசிவு அப்படியே இருக்கும். ஆறு மாதம் கழித்து வேறு ஏதோ வேலைக்குப் போகும்போது ஒரு மெக்கானிக் அந்தக் குழாயைச் சரியாக இறுக்கிவிடுவார். அன்றிலிருந்து காற்று முழுதாக வரும், பெட்ரோல் போதாது. முழு பூஸ்டில் பெட்ரோல் குறைந்தால் நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பது) வரும், பிஸ்டன் உருகும். நல்ல பழுதுபார்ப்பே இன்ஜினைக் கொல்லும் நிலை அது. பிற வேறுபாடுகளையெல்லாம் விட எனக்கு இந்த ஒன்றுதான் முடிவைச் சொன்னது.

பதிவில் ஆறே அளவுகளை எடுத்தேன்: பெடல், த்ராட்டில் (காற்றை உள்ளே விடும் கதவு), கணினி கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட், லாம்டா (காற்று-பெட்ரோல் விகிதம்; 1 என்றால் சமநிலை, குறைந்தால் பெட்ரோல் அதிகம்), பற்றவைப்பு நேரம். அதிகம் சேர்த்தால் ஒவ்வொன்றும் மெதுவாகப் பதிவாகி, அரை நொடித் திணறல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். பெடல் கோடும் த்ராட்டில் கோடும் ஒன்றாகவே ஏறின. முறுக்குவிசை வரம்பைக் காக்கக் கணினி த்ராட்டிலை மூடவில்லை. பற்றவைப்பு நேரமும் பின்வாங்கவில்லை. லாம்டா மட்டும் 0.72-க்கு இறங்கியிருந்தது. கேட்ட பூஸ்டை விடக் கிடைத்த பூஸ்ட் 250 மில்லிபார் குறைவு.

அதற்குப் பிறகு தேடுவது எளிதானது. டர்போவின் வாயில் மூடி பொருத்தி, கம்ப்ரஸரிலிருந்து மெல்லக் காற்றை ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீரைத் தடவினோம். டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குக் கீழே, கையே எட்டாத இடத்தில், ஒரு கிளாம்பின் ஓரத்தில் கடுகளவு குமிழிகள் கொத்தாக வந்து வெடித்தன. கிளாம்பை மாற்றி அதே சாலையில் மீண்டும் ஓட்டினேன். லாம்டா 0.84-இல் நின்றது. அட்டவணையில் ஓர் எண்ணைக்கூடத் தொடவில்லை.

பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைப் பெரிதாகப் போட்டவர்களுக்கு அட்டவணை வழியே சரியாக இருக்கலாம். பூஸ்ட் கேட்டபடி கிடைத்து, நிலையான வேகத்தில் லாம்டாவும் ஒழுங்காக இருந்து, மிதிக்கும் கணத்தில் மட்டும் அது 1-ஐத் தாண்டிக் குதித்தால், அந்தக் கணத்துக்கான கூடுதல் பெட்ரோலை அட்டவணையில்தான் கொடுக்க வேண்டும். மாஃப் சென்சார் இல்லாமல் அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடும் வண்டிகளில், டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே கசிந்தால் பூஸ்ட் குறையுமே தவிர கலவை இப்படிக் கனக்காது. அத்தகைய வண்டி ஒன்றை மட்டுமே பதிவு செய்திருக்கிறேன். டீசலில் எனக்கு அனுபவம் இல்லை.