பாண்டில தமிழ்ல ஒரு கோயில் நடை, கடலூர்லேர்ந்து போய்ட்டு வந்து எழுதுறேன்

போன ஞாயித்துக்கிழமை பாண்டில ஒரு நடைக்கு போயிருந்தேன், காலைல ஆறரைக்கு ஆரம்பிச்சு பத்தேகாலுக்கு தான் முடிஞ்சுது. தலைக்கு 350 ரூபா, படிக்கிற பசங்களுக்கு 150. ரிட்டயர்டு ஹிஸ்டரி வாத்தியார் ஒருத்தர் தனியா நடத்துறாரு, கம்பெனி கிடையாது போர்டு கிடையாது, வாட்ஸப்புல பேர் கொடுத்தா போதும். தன் பேரை வெளில போட வேணாம்னு அவரே கேட்டுக்கிட்டதால நானும் சார்னே எழுதிட்டு போறேன்.

பாண்டில நடை டூர் ஏகப்பட்டது இருக்கு, மஞ்ச சுவரு, காகிதப்பூ, பிரெஞ்சு பேக்கரின்னு இங்கிலீஷ்ல சுத்தி காட்டுவாங்க. இது அது இல்ல. ஆப்பிரிக்காவுல கிறிஸ்தவம் எப்படி போச்சு, தோல் கலரு அதுல என்னென்ன பண்ணுச்சு, அந்த கதைக்கும் பாண்டி கடலூர் ஜனங்களுக்கும் என்ன சம்பந்தம்னு மூணே முக்கா மணி நேரம் முழுக்க தமிழ்ல. இப்படி ஒண்ணை யாரும் செஞ்சு நான் பாத்ததில்ல. எங்க அக்கா பையன் பிளஸ் டூ படிக்கிறான், அவனையும் எழுப்பி கூட்டிக்கிட்டு விடியக்காலம் பஸ்ஸ புடிச்சேன். மொத்தம் பதினோரு பேர்.

மொதல்ல பீச்சு, காந்தி சிலை பக்கம். சார் கடலை காட்டி சொன்னது இதான்: 1452லயும் 1455லயும் அஞ்சாம் நிக்கோலாஸ் பாப்பரசர் போர்ச்சுகல் ராஜாவுக்கு எழுதி கொடுத்த ஓலைல, கிறிஸ்துவர் இல்லாதவங்கள புடிச்சு காலத்துக்கும் அடிமையா வச்சுக்கலாம்னு அனுமதி இருக்கு. அப்புறம் 1685ல பிரான்சு ராஜா பதினாலாம் லூயி போட்ட கறுப்பு சட்டம்னு ஒண்ணு, கரீபியன் தீவுகளுக்கு போட்டது, அடிமைக்கு ஞானஸ்நானம் கண்டிப்பா கொடுக்கணும், ஞாயித்துக்கிழமை வேலை வாங்க கூடாது, ஆனா ஞானஸ்நானம் வாங்குனாலும் அவன் அடிமை தான், விக்கலாம் வாங்கலாம். 1723ல அதே மாதிரி சட்டம் பூர்போன் தீவுக்கும் வந்துச்சு, இப்ப ரீயூனியன்னு சொல்றமே அது. அந்த தீவுக்கு இந்த பாண்டி கரைலேர்ந்தும் ஆளுங்கள ஏத்திக்கிட்டு போயிருக்காங்க, அங்க தமிழ் ஆளும் ஆப்பிரிக்கா ஆளும் ஒரே தோட்டத்துல நின்னுருக்காங்க. இதை கேட்டப்ப எனக்கு அந்த கடலை பாக்கவே ஒரு மாதிரி ஆயிடுச்சு, சின்ன வயசுலேர்ந்து சுண்டல் வாங்கி தின்னுகிட்டு உக்காந்திருந்த எடம் அது.

அங்கயே காலேஜ் பொண்ணு ஒண்ணு கேட்டுச்சு, அப்ப இது வெள்ளைக்காரன் கொண்டு போய் திணிச்ச மதம் தானே சார்னு. சார் கோவப்படல. எத்தியோப்பியால அக்சும் ராஜா எசானா 4ஆம் நூற்றாண்டுலயே கிறிஸ்துவர் ஆயிட்டாரு, அப்ப இங்கிலாந்துன்னு ஒரு நாடே கிடையாது, புனித அகுஸ்தீனார் பொறந்தது இப்ப அல்ஜீரியான்னு சொல்ற எடத்துல, எகிப்துல கோப்டிக் சபை இன்னிக்கும் இருக்குன்னாரு. மதம் அந்த மண்ணுக்கு புதுசு இல்லம்மா, சாட்டையும் பைபிளும் ஒரே கப்பல்ல வந்தது தான் புதுசுன்னு சொன்னாரு. அந்த பொண்ணு நோட்டுல எழுதிக்கிச்சு, நானும் தான்.

நோவா மகன் காம் வாங்குன சாபம் தான் கறுப்பு தோலுன்னு சொல்லி சொல்லியே அடிமை வியாபாரத்தை நியாயப்படுத்துனாங்கல்ல, அதுக்கு சார் ஒண்ணுமே சொல்லாம என் அக்கா பையன்கிட்ட போன்ல பைபிளோட தொடக்க நூல் 9ஆம் அதிகாரத்தை எடுத்து சத்தமா படிக்க சொன்னாரு. அவன் படிச்சான். சாபம் விழுறது காம் மேலயே இல்ல, அவன் மகன் கானான் மேல, தோல் கலரை பத்தி ஒரு எழுத்து கூட அங்க இல்ல. இத்தனை வருஷமா பூசைக்கு போறேன், உபதேசியார்கிட்ட மறைக்கல்வி படிச்சேன், இதை ஒரு தடவை கூட நான் நிறுத்தி வாசிச்சதில்ல.

அடுத்து துய்மா வீதில தேவதைகளின் மாதா கோயில், நம்ம ஆளுங்க கப்ஸ் கோயில்னு சொல்றது. கப்புச்சின் சாமியாருங்க கோயில்ங்கறது தான் கப்ஸ் ஆச்சு. இப்ப நிக்கிற கட்டடம் 1855ல முடிஞ்சது, ஆனா சபை அதுக்கு ரொம்ப முந்தியே பாண்டிக்கு வந்துடுச்சு. எதிர்ல பிரான்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க் சிலை இருக்குல்ல, அது கிட்ட எங்கள நிக்க வச்சு அரை மணி நேரம் ஒரு காங்கோ பொண்ணை பத்தி பேசுனாரு, காசு அந்த அரை மணி நேரத்துக்கே சரியாப்போச்சு.

காங்கோ ராஜா 1491லயே ஞானஸ்நானம் வாங்கிட்டாரு, யாரும் கத்திய காட்டி இல்ல, ராஜாவா விரும்பி. அவர் மகன் அஃபோன்சோ இன்னும் தீவிரமான கிறிஸ்துவர், தன் மகன் என்றிக்கேவ ஐரோப்பாவுக்கு படிக்க அனுப்பி 1518ல அவர பிஷப்பாவே நியமிச்சாங்க. அதே அஃபோன்சோ 1526ல போர்ச்சுகல் ராஜாவுக்கு கடுதாசி எழுதுறாரு, உங்க வியாபாரிங்க தெனமும் எங்க ஜனங்கள புடிச்சுக்கிட்டு போறாங்க, எங்க சொந்தக்காரங்களயே புடிக்கிறாங்க, எங்களுக்கு சாமியாரும் வாத்தியாரும் பூசைக்கு திராட்சை ரசமும் மாவும் போதும், வேற எதுவும் வேணாம்னு. ஒரே வேதத்துல இருக்கிற ரெண்டு ராஜா, ஒருத்தன் இன்னொருத்தன்கிட்ட எங்க புள்ளைங்கள திருடாதன்னு கெஞ்ச வேண்டியிருக்கு. அந்த கெஞ்சலுக்கு அப்புறமும் வியாபாரம் நிக்கல.

அப்புறம் தான் கிம்பா வீட்டா. ஞானஸ்நான பேரு பியாட்ரிஸ். ராஜ்யம் உள்நாட்டு சண்டைல சிதறி கெடக்கு, சண்டைல புடிபட்டவன் எல்லாம் கப்பலுக்கு போறான், இருபது வயசு தாண்டுன ஒரு பொண்ணு எழுந்து புனித அந்தோணியார் என் மேல எறங்கியிருக்காரு, எல்லாரும் பாழடைஞ்ச தலைநகரத்துக்கு திரும்பி வாங்கன்னு கூப்பிடுறா. இயேசு பொறந்தது எங்க ஊர்ல, மாதா எங்க இனம், எங்க ஜனத்துலயும் புனிதருங்க இருக்காங்கன்னு சொல்றா. ஆயிரக்கணக்குல ஜனம் அவ பின்னாடி போச்சு. அங்க இருந்த இத்தாலி கப்புச்சின் சாமியாருங்க இது பதிதம், அதாவது சபைக்கு விரோதமான போதனைன்னு ராஜாவ நெருக்கி, 1706 ஜூலை 2ஆம் தேதி அவள எரிச்சாங்க. கைக்குழந்தை இருந்துச்சு, அதை மட்டும் விட்டுட்டாங்க. இதை சொல்லிட்டு சார் அந்த ஜோன் ஆஃப் ஆர்க் சிலைய ஒரு தடவை திரும்பி பாத்தாரு, வேற ஒண்ணும் சொல்லல. அவளையும் எரிச்சாங்க, அவளும் குரல் கேட்டவ, ஆனா அவளுக்கு புனிதை பட்டம் கெடச்சு ஊர் ஊரா சிலை நிக்குது.

அதே ஜூலை 9ஆம் தேதி, சரியா ஏழு நாள் கழிச்சு, ஜெர்மனி புராட்டஸ்டன்ட் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடில வந்து எறங்குறாரு. நம்ம கடலூர்லேர்ந்து பஸ்ல போற தூரம். அவங்க சபை 1733ல மொத தமிழ் குருவா ஆரோன் ஐயரை அபிஷேகம் பண்ணுச்சு, அவர் நம்ம கடலூர்க்காரர், ஆறுமுகம்னு பேரு. கடலூர்லயே பொறந்து வளந்த எனக்கு இது தெரியாதுங்கறது எனக்கே வருத்தமா இருந்துச்சு.

அங்கேர்ந்து பெரிய வாய்க்கால் பாலம். இந்த பக்கம் வெள்ளை ஊரு அந்த பக்கம் கறுப்பு ஊருன்னு பிரெஞ்சுக்காரன் பேர் வச்சது நமக்கு தெரியும், இப்பவும் ஓட்டல்காரங்க ஒயிட் டவுன்னு பெருமையா போடுறாங்க. காங்கோக்காரனுக்கு வச்ச அதே சொல்லு தான் இங்க முதலியாருக்கும் செட்டியாருக்கும் வச்சது, ஆனா கறுப்பு ஊருக்குள்ளயே இன்னொரு கோடு இருந்துச்சு, அதை வெள்ளைக்காரன் போடல, அதை பாக்க தான் இப்ப போறோம்னு சார் சொன்னாரு.

சம்பா கோயில், அதாவது அமலோற்பவ மாதா பேராலயம். 1704ல ரோமாபுரிலேர்ந்து வந்த தூதர் தூர்னோன் இதே பாண்டில உக்காந்து ஒரு ஆணை போட்டாரு, பறையர் வீட்ல சாக கெடக்கிறவங்களுக்கும் சாமியார் வீட்டுக்குள்ள போய் தேவ திரவிய அனுமானம், அதாவது சபையோட அருளடையாள சடங்கு, கொடுக்கணும்னு. ஆணை போட்டு சொல்ல வேண்டியிருந்துச்சுன்னா நெலமை என்னன்னு பாத்துக்குங்க. கோயிலுக்குள்ள ஒரு குட்டை சுவரு, ஒரு பக்கம் பறைய கிறிஸ்துவங்க, இன்னொரு பக்கம் சாதி கிறிஸ்துவங்களும் வெள்ளைக்காரங்களும். 1745ல பறைய கிறிஸ்துவங்களே திரண்டு போய் பெரிய சாமியார்கிட்ட எங்கள மட்டும் ஏன் பிரிக்கிறீங்கன்னு கேட்டு அந்த சுவரு எடுக்கப்பட்டுச்சு, ஆனந்த ரங்கப் பிள்ளை நாட்குறிப்புல இது இருக்கு. இப்ப இருக்கிற கட்டடத்துல அந்த சுவரு இல்ல, பழைய கோயில் 1761ல இங்கிலீஷ்காரன் பாண்டிய இடிச்சப்ப போச்சு, இது 1791ல கட்டுனது, அதனால சுவரு நின்ன அடையாளம் தேடாதீங்கன்னும் சொல்லிட்டாரு.

தென்னாப்பிரிக்காவ அங்க தான் கொண்டு வந்து வச்சாரு. டச்சு சீர்திருத்த சபை 1857ல கூடி, கறுப்பரும் வெள்ளையரும் சேந்து நன்மை, அதாவது திருவிருந்து அப்பம், வாங்குறது தான் வேதத்துக்கு சரி, ஆனா சிலரோட பலவீனத்தை முன்னிட்டு தனித்தனியா கூடலாம்னு முடிவு பண்ணுச்சு. சிலரோட பலவீனம். அந்த ஓட்டை வழியா 1881ல தனி சபையே வந்துச்சு, அப்புறம் ஒரு நாட்டு சட்டமே ஆச்சு. உலக சீர்திருத்த சபைகள் கூட்டமைப்பு இது வேதத்துக்கு விரோதம்னு சொல்ல 1982 ஆச்சு.

எங்க ஆயா கோயில்ல எடது பக்க இறக்கைல, அதாவது பக்கவாட்டு பகுதில தான் உக்காருவாங்க. எந்த ஊருன்னு சொல்லல. நன்மை வாங்க நடு வரிசை எல்லாம் முடிஞ்ச பின்னாடி தான் எழுந்திருப்பாங்க. கல்லறை தோட்டத்துல நடுவுல சுவரு, ஆயா இந்த பக்கம். கேட்டா அங்கயும் அதே வார்த்தை தான், சிலருக்கு மனசு ஒப்பாது, பொறுத்துக்கம்மா. ஆயா கடைசி வரைக்கும் ஜெபமாலைய விடல. அவங்க ஏமாந்தவங்கன்னு யாராவது சொன்னா எனக்கு நெஞ்சு எரியும். காங்கோக்காரனும் சரி எங்க ஆயாவும் சரி, வேதத்தை கொடுத்தவன விட அதிகமா நம்புனாங்க, கொடுத்தவன் தான் எடம் விடல.

கூட்டத்துல பெரியவர் ஒருத்தர், இதெல்லாம் இப்ப எதுக்கு கிளறணும், மத்த மதத்துக்காரங்க நம்மள பேச இது ஒரு சாக்காயிடும்னு சொன்னாரு. அவர் பயம் எனக்கு புரியுது, நெஜமான பயம் தான். ஆனா மூடி வச்சதால எங்க ஊர் கல்லறை சுவரு ஒரு அடி கூட எறங்கல.

கடைசில டீக்கடைல சாமுவேல் கிரௌதர் கதை. யொருபா பையன், 1821ல புடிச்சு அடிமையா வித்தாங்க, மறு வருஷம் பிரிட்டிஷ் கடற்படை கப்பலை மறிச்சு விடுவிச்சு சியரா லியோன்ல எறக்குச்சு, படிச்சு குருவாகி, 25 வருஷம் கழிச்சு 1846ல தன் அம்மாவ உசுரோட கண்டுபுடிச்சாரு, அவங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்து ஹன்னான்னு பேர் வச்சாங்க, சாமுவேலோட அம்மா பேரு அது தானே. 1864ல ஆங்கிலிக்கன் சபையோட மொத ஆப்பிரிக்க பிஷப். யொருபால பைபிளை மொழிபெயர்த்தவரு. அவ்ளோ பெரிய மனுஷன, எண்பது வயசுல, இங்கிலாந்துலேர்ந்து வந்த சின்ன வயசு மிஷனரிங்க கணக்கு சரியில்ல ஒழுக்கம் சரியில்லன்னு சொல்லி அவர் ஆளுங்கள நீக்கி ஓரங்கட்டி, 1891 கடைசி நாள்ல அவர் செத்ததும் அந்த எடத்துக்கு வெள்ளைக்கார பிஷப்ப போட்டாங்க. 2014ல கேன்டர்பரி பேராயர் அதுக்கு மன்னிப்பு கேட்டாரு. கத்தோலிக்க பக்கமும் அதே கதி, 1518ல என்றிக்கேன்னா, உகாண்டாவோட கிவானூக்கா பிஷப் ஆனது 1939ல தான். நம்ம பக்கம் தூத்துக்குடிக்கு ரோச் ஆண்டகை 1923ல.

குறைய சொல்லணும். டாய்லெட்டுக்கு நடுவுல ஒரு எடம் கூட ஏற்பாடு இல்ல, பொம்பளைங்களுக்கு ரொம்ப கஷ்டம். கொடுக்கிற ஜெராக்ஸ் பேப்பர்ல பாதி எழுத்து தெரியல, ஆப்பிரிக்கா மேப் வெறும் கறுப்பு திட்டா இருக்கு, அதை கலர்ல போட்டா எங்க எதுன்னு புரியும். சம்பா கோயில் கிட்ட ஹாரன் சத்தத்துல பின்னாடி நின்னவங்களுக்கு ஒண்ணும் கேக்கல, ஒரு சின்ன மைக் வாங்கிக்கலாம். காங்கோ பிரசங்கியார் சைமன் கிம்பாங்குவ ரெண்டே நிமிஷத்துல முடிச்சுட்டாரு, 1921ல ஆறு மாசம் கூட பிரசங்கம் பண்ணாத மனுஷன பெல்ஜியம் சர்க்கார் முப்பது வருஷம் ஜெயில்ல வச்சு அங்கயே 1951ல செத்தாரு, அதுக்கு தனியா ஒரு நடையே வைக்கலாம், சார்கிட்டயும் சொல்லிட்டேன். பூசை நேரத்துல கோயிலுக்குள்ள போக முடியாது, வெளிலயே நிக்கணும், குடையும் தண்ணி பாட்டிலும் எடுத்துக்கிட்டு போங்க.

அஞ்சுக்கு நாலரை கொடுப்பேன். அக்கா பையன் பஸ்ல வரும்போது முழுக்க பேசாம வந்தான், கடலூர் பஸ் ஸ்டாண்டுல எறங்குனதும் ஆயா கல்லறைக்கு என்னைக்கு போவோம்னு கேட்டான். அடுத்த மாச நடைக்கு எங்கம்மாவ கூட்டிக்கிட்டு போகணும்னு இருக்கேன், ஆயா பக்கத்துல அந்த எடது இறக்கைல உக்காந்து வளந்தவங்க அவங்க. முட்டி வலி, வாய்க்காலேர்ந்து சம்பா கோயில் வரைக்கும் நடக்க முடியாது, அந்த தூரத்துக்கு மட்டும் ஒரு ஆட்டோ சொல்லி வைப்பீங்களான்னு சாருக்கு மெசேஜ் போட்டிருக்கேன், பதில் வந்ததும் இங்கயே சேத்து போடுறேன்.